தங்கத் தகட்டில் ஒரு சொட்டு சிறுநீர்: எங்கள் தெரு லேபுக்கு இது எப்போது வரும்?

வியாசை_வாசகன் | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை 16 வருடமாக இருக்கிறது. சிறுநீரகம் சரியாக வடிகட்டுகிறதா என்று தெரிய, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவைப் பார்த்துவிடுவோம். 1.1, 1.2 என்றுதான் வரும். நாங்களும் நிம்மதியாக இருந்தோம். போன மாதம் வேறொரு டாக்டரிடம் போனபோது, சிறுநீரில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் எவ்வளவு என்று பார்த்து வரச் சொன்னார். 30-க்குள் இருக்க வேண்டியது 300-ஐத் தாண்டியிருந்தது. "இது ரொம்ப நாளாகக் கசிந்திருக்கும், யாரும் பார்க்கச் சொல்லவில்லையா?" என்று அவர் கேட்டார். அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். தங்கத்தையோ வெள்ளியையோ நானோ அளவில் படிய வைத்த ஒரு சின்னத் தகடு. அதில் ஒரு சொட்டு ரத்தமோ சிறுநீரோ விட்டு லேசர் அடித்தால், நோய் முற்றுவதற்கு வெகு முன்பே அதன் அடையாளம் தெரிந்துவிடும் என்கிறார்கள். சிறுநீரகம், மாரடைப்பு, டிபி, புற்றுநோய் என்று பட்டியல் நீள்கிறது. இத்தனை வருடமாக ஆராய்ச்சி நடந்தும் எங்கள் தெரு லேபில் ஏன் இது இல்லை? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

தரமணி_ஆய்வாளர் | ஞாயிறு, இரவு 10.05

அண்ணா, நான் இதே துறையில் நான்காம் வருடம் பிஎச்டி செய்கிறேன். முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

தங்கத்தைப் பொடியாக்கி 20, 30 நானோமீட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால் அது மஞ்சளாக இருக்காது, திராட்சை ரசம் போலச் சிவப்பாக இருக்கும். எங்கள் லேபில் வாரம் ஒரு முறை செய்வோம். தங்க உப்புக் கரைசலைக் கொதிக்க வைத்து சோடியம் சிட்ரேட்டை ஊற்ற வேண்டும். வெளிர் மஞ்சள் நிறம் முதலில் காணாமல் போகும், பிறகு கருநீலம், அப்புறம் மெல்ல மெல்லச் சிவப்பு. எல்லாம் சில நிமிடங்களில் கண்ணெதிரே நடக்கும். நூறு முறை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. அந்தச் சிவப்புக்குக் காரணம், துகளில் உள்ள எலக்ட்ரான்கள் எல்லாம் ஒளி பட்டவுடன் சேர்ந்து ஊஞ்சலாடுவதுதான். 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியைத் துகள் விழுங்கிக்கொள்ளும், மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பு. துகள்மேல் ஒரு புரதம் வந்து ஒட்டினால் விழுங்கும் நிறம் சில நானோமீட்டர் நகரும். அந்த நகர்வை அளந்தால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று தெரியும். எது ஒட்ட வேண்டும் என்பதை, துகள்மேல் முன்கூட்டியே பூசி வைக்கும் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளும் புரதம், முடிவு செய்யும்.

இது ஒரு வழி. இரண்டாவது வழி ராமன் சிதறல். மூலக்கூறுமேல் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறிய பங்கு, சுமார் ஒரு கோடியில் ஒன்று, நிறம் மாறி வரும். எவ்வளவு மாறியது என்பது அந்த மூலக்கூறின் கைரேகை. ஆனால் அவ்வளவு மங்கிய ஒளியை வைத்துக்கொண்டு ரத்தத்தில் என்ன தேடுவது? அங்கேதான் நானோ பரப்பு கைகொடுக்கிறது. கரடுமுரடான வெள்ளிமேல் மூலக்கூறு உட்கார்ந்தால் அதே சிதறல் லட்சம், பத்து லட்சம் மடங்கு பலமாக வரும்.

ஓய்வு_இயற்பியல் | திங்கள், காலை 6.10

இந்தப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். இந்தச் சிதறலைக் கண்டுபிடித்த சி. வி. ராமன் மாநிலக் கல்லூரியில் படித்தவர். மெரினாவுக்கு எதிரே உள்ள அதே கல்லூரிதான். ஒளி விளிம்பில் வளைவதைப் பற்றி 1906-ல், தம் 18-வது வயதில், அங்கே மாணவராக இருந்துகொண்டே இங்கிலாந்தின் பிலசாஃபிக்கல் மேகசினில் கட்டுரை வெளியிட்டார். 28 பிப்ரவரி 1928-ல் கொல்கத்தாவில் அவர் இந்தச் சிதறலைக் கண்டதற்குப் பின்னால் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனின் உழைப்பும் இருக்கிறது. லேசர் கிடையாது. சூரிய ஒளி, ஒன்றை ஒன்று முழுக்க மறைக்கிற இரண்டு வண்ணக் கண்ணாடிகள், கண். அவ்வளவுதான்.

வெள்ளிப் பரப்பின் கதையும் அழகானது. 1974-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃபிளைஷ்மன், ஹெண்ட்ரா, மெக்குவில்லன் மூவரும் வெள்ளி மின்வாயைச் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் அவர்கள் சோதித்த பிரிடின் என்ற வேதிப்பொருளின் மூலக்கூறுகள் அதிகமாக ஒட்டும், சிக்னலும் கொஞ்சம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. 1977-ல்தான் வேறு இரண்டு குழுக்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, பரப்பு எவ்வளவு கூடினாலும் இத்தனை பலம் வரவே வராது, இங்கே வேறேதோ நடக்கிறது என்றார்கள். நாற்பது வருடம் பாடம் நடத்தினேன். சரியான கணக்கு ஒரு பழைய சோதனையையே புதிதாக்கிவிடும் என்பதற்கு இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

பெரம்பூர்_லேப் | திங்கள், பகல் 2.30

வேலை முடிந்து இப்போதுதான் படித்தேன். 21 வருடமாக லேப் டெக்னீஷியன். வியாசை தம்பி, ஒரு விஷயம். ஒளியால் அளப்பது எங்களுக்குப் புதுசே கிடையாது. உங்கள் அப்பாவுக்குப் பார்த்த கிரியேட்டினின் பெரும்பாலும் ஜாஃபே முறையாகத்தான் இருக்கும், 1886-ல் வந்தது. சீரத்தில் காரமும் பிக்ரிக் அமிலமும் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் வரும். அந்த நிறத்தின் அடர்த்தியை மெஷின் விளக்கு அடித்துப் பார்க்கும். ஆன்டிபாடி வைத்துச் செய்யும் எலைசா சோதனையும் அப்படித்தான், கடைசியில் மஞ்சளாகும் குழியை 450 நானோமீட்டரில் படிக்கிறோம்.

நானோ தங்கமும் புதுசில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு கார்டு எத்தனை போடுகிறேன்! அதில் சிவப்புக் கோடு வருகிறதே, அது தங்கத் துகள்தான். கார்டைப் பிரித்துப் பார்த்தால், சொட்டு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டை ரோஜா நிறத்தில் காய்ந்து கிடக்கும். சீரம் அதைக் கரைத்துக்கொண்டு மேலே ஏறும். டெங்கு புரதம் இருந்தால், அது தங்கத்தையும் பிடித்துக்கொண்டு கோட்டில் உள்ள ஆன்டிபாடியிடமும் மாட்டிக்கொள்ளும். கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் இதே வேலைதான். ஆகவே தங்கமும் ஒளியும் எங்கள் தெருவுக்கு எப்போதோ வந்துவிட்டன.

எனக்குத் தலைவலி அந்த மங்கல் கோடுதான். 15 நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, அரைமணி கழித்து ஏதோ நிழல் போல இருக்கும். அந்தப் பெட்டியில் போட்ட நேரத்துக்குமேல் படிக்கக் கூடாது என்பது விதி. வெளியே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா நிற்கிறார். நான் ஜன்னல் வெளிச்சத்தில் கார்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இதற்கு அந்தப் பொண்ணு படிக்கிற படிப்பில் ஏதாவது வழி இருக்கிறதா?

தரமணி_ஆய்வாளர் | திங்கள், மாலை 5.45

இருக்கிறது அண்ணா. நீங்கள் கேட்டதைத்தான் பல குழுக்கள் செய்துகொண்டிருக்கின்றன. அதே கார்டு, அதே தங்கத் துகள். ஆனால் துகளின்மேல் ராமன் கைரேகை நன்றாகத் தெரிகிற ஒரு சாய மூலக்கூறை ஒட்டிவிடுவார்கள். கண்ணுக்குக் கோடு தெரியாவிட்டாலும், கையடக்க லேசர் கருவியை அந்த இடத்தில் வைத்தால் சாயத்தின் கைரேகை வரும். இருக்கு, இல்லை என்பதோடு நிற்காமல் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகவும் கிடைக்கும். முதலில் தெரு லேபுக்கு வரப்போவது இந்த மாதிரிக் கருவிதான் என்று நான் நம்புகிறேன். சொட்டு விட்டால் எல்லா நோயையும் சொல்லும் தகடு அதற்கு ரொம்பப் பின்னால்தான்.

கிண்டி_இரண்டாமாண்டு | திங்கள், மாலை 6.30

அக்கா, இதில் எனக்கு உடன்பாடில்லை. 1997-லேயே இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே ஒரு மூலக்கூறின் ராமன் சிதறலைப் பார்த்துவிட்டன. ஒரே மூலக்கூறைப் பார்க்க முடிகிற கருவிக்கு ரத்தத்தில் ஏன் கஷ்டம்? கருவிச் செலவைத் தவிர வேறென்ன தடை?

அப்புறம், நானும் வீட்டில் முயற்சி செய்தேன். ரிச்சி தெருவில் ஊதா லேசர் ஒன்று வாங்கினேன், பழைய டிவிடியைப் பிளந்து அதன் வரிகளையே ஒளியைப் பிரிக்கும் தட்டாக வைத்து அட்டைப் பெட்டியில் நிறமாலைமானி செய்தேன். கறிவேப்பிலையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து லேசர் அடித்தால் ரத்தச் சிவப்பாக எரிகிறது, மஞ்சள் தூளை ஊறவைத்தால் பச்சையாக. இது ராமன் விளைவுதானே?

ஓய்வு_இயற்பியல் | திங்கள், இரவு 7.15

தம்பி, முதலில் கண். மலிவு லேசர்களில் அட்டையில் போட்டிருக்கும் திறனை நம்பக் கூடாது. பச்சை லேசர் வாங்கினால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியலாம். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இனி ஒரு முறைகூடச் செய்யாதே.

நீ பார்த்தது ஒளிர்தல். பச்சையம் ஊதாவை விழுங்கிச் சிவப்பைக் கக்குகிறது, மஞ்சளில் உள்ள குர்குமின் பச்சையைக் கக்குகிறது. ராமன் சிதறல் இதற்குப் பக்கத்திலேயே வர முடியாத அளவுக்கு மங்கல். ஆனால் நீ செய்தது வீணில்லை. உண்மையான கருவிக்கு முதல் எதிரி எது என்பதைக் கறிவேப்பிலையிலேயே பார்த்துவிட்டாய்.

தரமணி_ஆய்வாளர் | திங்கள், இரவு 9.50

சார் சொன்னதுதான். ரத்தமும் சிறுநீரும் அதே மாதிரி ஒளிரும். அதனால்தான் நாங்கள் 785 நானோமீட்டர் லேசருக்குப் போகிறோம். அங்கே ஒளிர்தல் வெகுவாகக் குறையும்.

தம்பி, உன் கேள்வி நியாயமானது. ஒரு மூலக்கூறு தெரிவது வேறு, கூட்டத்தில் அந்த ஒருவனைத் தேடிப் பிடிப்பது வேறு. மாரடைப்பில் பார்க்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தை எடுத்துக்கொள். நுண்ணுணர்வு ட்ரோபோனின் டி சோதனையில் லிட்டருக்கு 14 நானோகிராமைத் தாண்டினால் டாக்டர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே லிட்டரில் ஆல்புமின் சுமார் 40 கிராம். எடைக் கணக்கில் ஒரு பங்கு ட்ரோபோனினுக்கு ஏறக்குறைய 286 கோடிப் பங்கு ஆல்புமின். தகட்டை ரத்தத்தில் வைத்தவுடன் ஆல்புமின்தான் முதலில் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். அதை ஒட்டவிடாமல் தடுக்கும் பூச்சுக்காகவே என் இரண்டாம் வருடம் முழுவதும் போனது.

இன்னொன்று, தகடு முழுக்க ஒரே மாதிரி இல்லை. துகளும் துகளும் ஓரிரு நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கும் சந்துகளில்தான் ஒளி பலமாகக் குவியும். 2008-ல் அமெரிக்காவின் இல்லினாயில் இதை அளந்தார்கள். ஒட்டியிருந்த 10 லட்சம் மூலக்கூறுகளில் ஒளி மிகமிகப் பலமாகக் குவியும் இடங்களில் இருந்தவை வெறும் 63. மொத்தச் சிக்னலில் 24 சதவீதம் அந்த 63-லிருந்தே வந்தது! இப்போது யோசித்துப் பார். ஒரே மாதிரி இரண்டு தகடு. ஒன்றில் நாலு மூலக்கூறு சந்துக்குள் விழுந்தது, மற்றதில் விழவில்லை. நோயாளி ஒருவர்தான், எண் இரண்டாகிவிடும். ஆன்டிபாடி வைத்தாலும் சிக்கல் உண்டு. அதுவே 10 நானோமீட்டருக்குமேல் நீளம். துகளின் ஒளிப்புலம் 10, 20 நானோமீட்டருக்குள் தேய்ந்துவிடும். நாம் தேடுகிற புரதம் ஆன்டிபாடியின் நுனியில், பாதி இருட்டில் உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் தீராத பிரச்சினைகள் என்று சொல்லவில்லை. சந்துகளை அச்சு வார்த்தது போல ஒரே அளவில் செய்யப் பார்க்கிறோம். ஆன்டிபாடிக்குப் பதில் அதைவிடக் குட்டையான டிஎன்ஏ இழைகளை வைக்கிறோம். ஆனால் ஒரு சிக்னல் கிடைத்தவுடன் கட்டுரை எழுதிவிடலாம். நூறு தகட்டில் நூறும் ஒரே எண் சொல்ல வைப்பதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன. வியாசை அண்ணா, ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டீர்கள். இதனால்தான்.

பெரம்பூர்_லேப் | செவ்வாய், காலை 7.00

சரிம்மா, இப்போது என் கேள்விகள். தகடு வெள்ளியா, தங்கமா? எங்கள் வீடு கால்வாய் ஓரம். என் பொண்ணு கொலுசு பீரோவுக்குள் இருந்தும் கறுத்துப்போகிறது, மாதம் ஒரு முறை திருநீறு போட்டுத் தேய்க்கிறோம். உங்கள் தகடு எங்கள் லேபில் எத்தனை நாள் தாங்கும்? சித்திரையில் கரண்டு போய் ஏசி நின்றால் அறை 36, 37 டிகிரிக்குப் போகும். அப்போது எண் மாறுமா? தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தை ஓட்டி மெஷினைச் சரிபார்த்துவிட்டுத்தான் முதல் நோயாளியைத் தொடுவேன். உங்கள் தகடு ஒரு முறைதான் பயன்படும் என்றால் கன்ட்ரோலை எதில் ஓட்டுவது?

பல வருடம் முன்பு நான் வேலை பார்த்த ஒரு லேபில் ஒரு புது மெஷின் வந்தது. காட்டும்போது எல்லாம் பிரமாதம். மூன்றாவது மாதம் சோதனை மருந்துப் பெட்டியின் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, மாறியது, எல்லாருக்கும் எண் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. கன்ட்ரோல் ஓட்டியதால் பிடித்தோம். அதற்குள் ஒரு நாள் ரிப்போர்ட் வெளியே போய்விட்டது. வீடு வீடாகப் போன் பண்ணித் திரும்ப வரச் சொன்னேன்.

தரமணி_ஆய்வாளர் | செவ்வாய், காலை 8.20

அண்ணா, எங்கள் ஆய்வு மதிப்பீட்டில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

என் தகடு வெள்ளி. தங்கத்தைவிடச் சிக்னல் பலமாக வரும் என்பதால் எடுத்தேன். கொலுசைக் கறுக்க வைக்கும் அதே கந்தகக் காற்று தகட்டையும் கறுக்க வைக்கும், அதுவும் நானோ படலம் என்பதால் சீக்கிரமே. அதனால் வெள்ளிமேல் மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்துப் பார்க்கிறோம். வெப்பம் ராமனை அவ்வளவு பாதிக்காது. நிற நகர்வை அளக்கும் கருவிகளைத்தான் நன்றாகவே பாதிக்கும். ஒரு டிகிரி ஏறினால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மாறும். அந்தக் கருவிகளுக்கு அதுவே பெரிது. அதனால் ஆன்டிபாடி இல்லாத வெற்று இடம் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து, அதன் மாற்றத்தைக் கழித்துவிடுவார்கள். கன்ட்ரோலுக்கு ஒவ்வொரு தகட்டிலும் தெரிந்த அளவு சாயம் வைத்த ஒரு மூலை இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள் கேட்ட பிறகு அதைக் கட்டாயம் செய்தே ஆக வேண்டும்.

மருத்துவர்_அண்ணாநகர் | செவ்வாய், இரவு 10.30

சிறுநீரக நோயாளிகளைத்தான் தினமும் பார்க்கிறேன். வியாசை, உங்கள் வீட்டில் நடந்தது நான் வாராவாரம் பார்ப்பது. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்கும் கிரியேட்டினின் ஏறவே தொடங்கும். சிறுநீர் ஆல்புமின் அதற்கு வருடங்கள் முன்பே சொல்லிவிடும். சர்க்கரை உள்ளவர் எல்லாரும் வருடம் ஒரு முறை பார்க்க வேண்டிய சோதனை அது, பெரிய கருவி எதுவும் தேவையில்லை. எழுதிக் கொடுக்க வேண்டியது எங்கள் கடமை. அதில் குறை எங்களுடையது, உங்களுடையது இல்லை. அப்பாவிடமும் அப்படியே சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 10,000 பேருக்குச் சோதனை செய்கிறோம், உண்மையில் 10 பேருக்குத்தான் அந்தப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனை இரண்டு பக்கமும் 99 சதவீதம் சரி. அந்த 10 பேரும் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாத சுமார் 100 பேரும் பிடிபடுவார்கள். 110 குடும்பங்கள் இரவில் தூங்காது. அதனால் "எல்லாருக்கும் ஒரு சொட்டு" என்பதை நான் வரவேற்க மாட்டேன்.

நான் காத்திருப்பது டிபிக்காக. குழந்தைகளுக்குச் சளி துப்ப வராது. டிபி கிருமியின் மேலுறையில் உள்ள, சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஒரு துணுக்கு சிறுநீரில் வரும். அதைப் பார்க்கும் ஸ்ட்ரிப்பும் இருக்கிறது. எச்ஐவி முற்றியவர்களிடம் பயன்படுகிறது, மற்றவர்களிடம் அளவு குறைவு என்பதால் பெரும்பாலும் தவறவிடுகிறது. இங்கேதான் நுண்ணுணர்வு உண்மையிலேயே வேண்டும். சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய மையம்தான், டிபிக்குச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் தங்க வேண்டாம், வீட்டில் வைத்து மருந்து கொடுத்தாலும் அதே பலன் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது. அதே ஊரில் ஒரு குழந்தையின் சிறுநீரிலிருந்து டிபியைக் கண்டுபிடிக்கும் கார்டு வந்தால் முதல் ஆளாக வாங்கிப் பயன்படுத்துவேன்.

கிண்டி_இரண்டாமாண்டு | புதன், காலை 7.40

டாக்டர், அந்த 110-ஐ ராத்திரி மூன்று முறை போட்டுப் பார்த்தேன். அக்கா, உங்கள் லேபில் விடுமுறையில் வேலை செய்ய இடமிருக்கிறதா? தகடு கறுப்பதை நாள்வாரியாக அளக்கும் வேலை இருந்தால்கூடப் போதும்.

தரமணி_ஆய்வாளர் | புதன், காலை 9.15

இருக்கிறது, பாதுகாப்புக் கண்ணாடி நான் தருகிறேன். பெரம்பூர் அண்ணா, ஒரு வேண்டுகோள். என் தகடுகள் இதுவரை ஏசி அறையைத் தாண்டியதில்லை. 20 தகடு தருகிறேன். பாதியைச் சிலிக்கா ஜெல் போட்டு ஃபாயிலில் ஒட்டியும், பாதியைத் திறந்தும் உங்கள் லேபில் வைக்க முடியுமா? நோயாளிகளின் ரத்தமோ சிறுநீரோ எதுவும் வேண்டாம், அதற்கு முறையான அனுமதி வாங்க வேண்டும். சும்மா அங்கே இருந்தால் போதும், தம்பி வாரம் ஒரு முறை வந்து எடுத்துப்போவான்.

பெரம்பூர்_லேப் | புதன், பகல் 3.00

கொடுத்தனுப்பும்மா. திறந்ததில் நாலைக் கால்வாய்ப் பக்க ஜன்னலில் வைக்கிறேன், மிச்சத்தை ஃபிரிட்ஜ் பக்கம். தேதி எழுதி ஒட்டிவிடுகிறேன். தம்பி அடையாறு வந்து 29சி பிடித்தால் நேரே பெரம்பூர்.

வியாசை_வாசகன் | வியாழன், இரவு 9.00

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். ஆல்புமினை மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்று எங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அண்ணா, உங்கள் லேபுக்கே அழைத்து வரலாமா?

பெரம்பூர்_லேப் | வியாழன், இரவு 9.25

சனிக்கிழமை காலை 7 மணிக்கு வாங்க. எழுந்தவுடன் போகிற முதல் சிறுநீர் வேண்டும், ஆரம்பத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுவில் பிடிக்கணும். டப்பா இன்றைக்கே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுப் பாட்டில் வேண்டாம். முந்தின நாள் அப்பாவை வேகமாக நடக்கவிடாதீர்கள், காய்ச்சலோ சிறுநீர் எரிச்சலோ இருந்தால் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். அதெல்லாம் ஆல்புமினை ஏற்றிக் காட்டும்.